எள்ளுத்தாத்தா எந்த ஊர்? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்துப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தும், அங்கே போய்க் குடியேறி அங்கேயே சம்பந்தம் செய்துகொண்ட நம் வீடுகளிலிருந்தும்தான் கடிதங்கள் அதிகம். எல்லாவற்றுக்கும் இடமில்லை. பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

எங்கள் அம்மாவின் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்திலிருந்து ரயில் பாதை போட வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1845-இல் வந்தார் என்பது அம்மாவின் கணக்கு. கையில் இருப்பது குடும்பப் பெயரும் ஒரு பழைய பைபிளும்தான். அந்தப் பெயரை இணையத்தில் போட்டால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, பொன்மலை

இங்கிலாந்தில் ஆரம்பிக்காதீர்கள், உங்கள் வீட்டில் ஆரம்பியுங்கள். அம்மாவின் ஞானஸ்நானச் சான்று, பாட்டியின் கல்யாணச் சான்று, அவருடைய அப்பா வேலை பார்த்த இடம் என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஒரு படியைக் காகிதத்தில் உறுதி செய்த பிறகுதான் அடுத்த படியில் கால் வைக்க வேண்டும். நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தீர்கள் என்றால் அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவருடைய வம்சத்தில்தான் போய் இறங்குவீர்கள்.

அந்த 1845-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னை ராஜதானியில் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. அந்தப் பாதை போடும் வேலையே 1853-இல்தான் தொடங்கியது. அப்படியானால் வருஷம் தப்பாக இருக்க வேண்டும், அல்லது அவர் முதலில் வேறு வேலைக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் சாத்தியமாகத் தெரிகிறது. சிப்பாயாக வந்து, படையிலிருந்து விடுபட்டு, அப்புறம் ரயில்வேயில் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். குடும்பக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று சம்பவங்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே கதையாகிவிடும், அவ்வளவுதான்.

பைபிளின் முன்தாளில் பிறப்பு, இறப்பு எல்லாம் எழுதியிருந்தால் உள்ளே அச்சான வருஷத்தையும் பாருங்கள். 1880-இல் அச்சான பைபிளில் 1850-இல் பிறந்த குழந்தையின் தேதி ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், யாரோ பின்னால் ஞாபகத்திலிருந்து எழுதியது என்று அர்த்தம். அதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தந்த நாளில் எழுதியது போல முழுசாக நம்பக்கூடாது.

அடுத்தது சர்ச். சென்னை ராஜதானியில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனுக்கு அனுப்பி வைத்தது. 1698-லிருந்து உள்ள அந்தத் தொகுதிகள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. சென்னைக்கான வரிசையின் அடையாளம் என்/2. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே பார்க்கலாம், ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தேடலாம். இங்கே கரையான் அரித்த பக்கம் அங்கே முழுசாக இருக்க வாய்ப்புண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதித் திருமணப் பதிவு கிடைத்தால் மாப்பிள்ளையின் அப்பா பெயரைத் தேடுங்கள், கடல் தாண்டப் பாலம் அதுதான். அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்து ஓய்வூதியத்தோடு விடுபட்டவர் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூஓ 97 என்ற வரிசையில் விடுவிப்புத் தாள் இருக்கலாம். பிறந்த ஊர், சேரும்போது வயது, அதற்கு முன் பார்த்த தொழில் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். கம்பெனிப் படையில் இருந்தவர் என்றால் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலேயே அவருக்குத் தனிப் பதிவுகள் உண்டு. பெயர், அப்பா பெயர், ஊர் இந்த மூன்றும் கையில் வந்த பிறகு இங்கிலாந்துக்குப் போங்கள். ஆயிரம் பேர் நாலு பேராகிவிடுவார்கள்.

என் கணவரின் முன்னோர் ஒருவருக்கு 1841 சென்சஸில் வயது 35. பத்து வருஷம் கழித்து 1851-இல் 49. ஊர், தொழில், மனைவி பெயர் எல்லாம் ஒத்துப்போகிறது. இவர் அவர்தானா, வேறு ஆளா?
– வாசகி, லண்டன்

பெரும்பாலும் அவர்தான். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 என்றால் 35, 34 என்றால் 30. உங்கள் ஆள் அப்போது 39 வயதுக்காரராக இருந்திருப்பார். எல்லாக் கணக்கெடுப்பாளரும் இந்த விதியைப் பின்பற்றவில்லை என்பதையும் மனதில் வையுங்கள், சிலர் சரியான வயதையே எழுதிவிட்டார்கள்.

1841-இல் இன்னொரு குறையும் உண்டு, இது வயதைவிடப் பெரியது. வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று அதில் கேட்கவே இல்லை. ஒரே வீட்டில் ஒரு ஆண், ஒரு பெண், நாலு குழந்தைகள் இருந்தால் நாம் உடனே புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று எழுதிக்கொள்வோம். அண்ணனும் தங்கையும் இறந்துபோன இன்னொரு சகோதரனின் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். பிறந்த இடத்துக்கும் அதே கவுண்டியா (நம் மாவட்டம் போல) இல்லையா என்ற ஒற்றை எழுத்துதான் பதில். உறவுமுறை, சரியான வயது, பிறந்த ஊர் எல்லாம் வருவது 1851-லிருந்து. அதனால் 1841-ஐத் தனியாகப் படிக்காமல் எப்போதும் 1851-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நீங்கள் பார்ப்பது அந்தக் குடும்பம் எழுதிக் கொடுத்த தாளும் அல்ல. வீடுவீடாகத் தாள் கொடுத்து, திரும்ப வாங்கி, கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பெயர்த்தெழுதியதுதான் நம் கைக்கு வந்திருக்கிறது. எழுதத் தெரியாத வீட்டில் வாயால் சொன்னதை அவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார். அதற்கு மேல், சொல்கிறவருக்கும் பயம் இருந்தது. 1662-இல் வந்த சட்டப்படி ஏழைக்கு உதவி தர வேண்டிய பொறுப்பு அவருடைய சொந்த பாரிஷுக்கு, அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர் வட்டாரத்துக்கு. வேறு ஊர்க்காரர் கஷ்டத்தில் விழுந்தால் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்ப முடியும். அதனால் குடியிருக்கும் ஊரையே பிறந்த ஊராகச் சொன்னவர்கள் உண்டு. அது ஊரை ஏமாற்றும் எண்ணமில்லை, பிள்ளைகளோடு தெருவில் நிற்க நேரக்கூடாதே என்ற பயம்.

உங்கள் கணவரிடம் 1911 கணக்கெடுப்பையும் கட்டாயம் காட்டுங்கள். குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய தாளே அங்கே இருக்கிறது. கல்யாணமாகி எத்தனை வருஷம், எத்தனை குழந்தைகள் பிறந்தன, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று அதில் ஒரு கேள்வி உண்டு. இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் பிறந்து இறந்த குழந்தைகள் வேறு எந்தக் கணக்கெடுப்பிலும் வர மாட்டார்கள். அந்தக் கட்டத்தில் ‘இறந்தவர் 4’ என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு, அந்த வீட்டின் தாயைப் பற்றி நீங்கள் நினைப்பதே மாறிப்போகும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

1931 கணக்கெடுப்பு எப்போது வெளியாகும்? நூறு வருஷம் ஆகப்போகிறதே.
– வாசகர், கோவை

வெளியாகாது. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 1931 தாள்கள் முழுவதும் 1942 டிசம்பரில் தீயில் எரிந்துவிட்டன. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. ஆகக் கடைசியாகப் பார்க்கக் கிடைப்பது 1921. அது 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடுத்து 1951 கணக்கெடுப்புக்கு 2052 வரை காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஆறுதல், அடையாள அட்டை கொடுப்பதற்காக 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு. அதில் பிறந்த தேதியே இருக்கிறது. இன்னும் உயிரோடு இருக்கக்கூடியவர்களின் வரிகளை மட்டும் மறைத்திருப்பார்கள்.

என் மருமகன் இங்கிலாந்துக்காரர். அவருடைய குடும்பத்தில் ஒரு தம்பதிக்கு 1711 ஜூனில் கல்யாணம். ஆனால் முதல் குழந்தையின் ஞானஸ்நானம் 1711 ஜனவரி என்று பாரிஷ் பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே பிறந்த குழந்தை என்று மரத்தில் எழுதிவிட்டார்கள். எனக்கு என்னவோ சங்கடமாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

எழுதியதைத் திருத்தச் சொல்லுங்கள் ஐயா, அந்தத் தம்பதிமேல் ஒரு குறையும் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. 1711 டிசம்பருக்கு அடுத்து வந்த ஜனவரியும் 1711-தான், மார்ச் 24 வரைக்கும். நம் கணக்குப்படி அந்த ஞானஸ்நானம் 1712 ஜனவரி. ஜூனில் கல்யாணம், ஏழு மாதம் கழித்து ஜனவரியில் குழந்தை. ஊரார் விரல் விட்டு எண்ணியிருப்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் கல்யாணம்தான் முதலில் நடந்தது.

இந்த வழக்கம் மாறியது 1752-இல். அந்த வருஷம் ஜனவரி 1-இல் தொடங்கியது, செப்டம்பரில் 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14-ஆம் தேதி. நடுவில் பதினொரு நாள் காலண்டரிலேயே கிடையாது. 1752-க்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளைக் குறிக்கும்போது 1711/12 என்று இரண்டு வருஷத்தையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம் இருக்காது. பதிவேட்டில் மேலே கீழே உள்ள வரிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்: நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று ஒரே ஓட்டமாக வந்து மார்ச் கடைசியில் வருஷம் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

நாங்கள் தேடும் குடும்பம் ஒரே கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. தாத்தாவும் பேரனும் அந்த பாரிஷ் பதிவேட்டில் இருக்கிறார்கள், நடுவில் அப்பாவின் ஞானஸ்நானம் மட்டும் இல்லை. ஒருவர் மட்டும் எப்படிக் காணாமல் போவார்?
– வாசகர், நாகர்கோவில்

பாரிஷ் பதிவேடு வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது 1538-இல். ஆனால் எல்லா ஊரிலும் அன்றிலிருந்து இன்று வரை இடைவெளி இல்லாமல் புத்தகம் இருக்கிறது என்று நினைத்துவிடக்கூடாது. 1640-களிலும் 50-களிலும் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களில் எழுதுவதே நின்றுபோயிற்று. ஈரத்தில் ஊறியது, எலி தின்றது, பாதிரியார் துண்டுத் தாளில் குறித்துவைத்துப் புத்தகத்தில் ஏற்ற மறந்தது எல்லாம் நடந்திருக்கிறது. இதற்காகவே ஒரு மாற்று உண்டு: 1598-லிருந்து ஒவ்வொரு பாரிஷும் வருஷத்துக்கு ஒருமுறை தன் பதிவுகளின் நகலை பிஷப்புக்கு அனுப்ப வேண்டும். பிஷப் நகல் என்று கேளுங்கள். மூலத்தில் விட்டுப்போனது நகலில் இருப்பதும், அங்கே இல்லாதது இங்கே இருப்பதும் சகஜம்.

அங்கேயும் இல்லையென்றால் மூன்று சந்தேகம் எனக்கு உண்டு. அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கலாம். நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல அது, அங்கேயும் முதல் குழந்தையின் ஞானஸ்நானத்தை அம்மாவின் ஊரில் தேடி எடுத்தவர்கள் நிறைய. அல்லது அந்த ஒரு தலைமுறை ஆங்கிலிக்கன் சபையை விட்டு மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று வேறு சபைக்குப் போயிருக்கலாம். அந்தச் சபைகளின் 1837-க்கு முந்தைய பதிவேடுகளில் பெரும்பகுதி கியூ காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் சேர்ந்துவிட்டது. பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதால் அங்கே பிறப்புப் பதிவைத் தேட வேண்டும். மூன்றாவது, பெயரின் எழுத்து. நம்மில் ஒரே மனிதர் ஒரு சான்றிதழில் சண்முகம், இன்னொன்றில் ஷண்முகம், மூன்றாவதில் சம்முகம் என்று இருப்பார் இல்லையா, அதே கதைதான். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். முதல் எழுத்தே மாறியிருக்கலாம், எச் என்ற எழுத்து உச்சரிப்பில் விழுந்துவிடும் ஊர்களில் அது விழுந்தபடியே எழுதப்பட்டிருக்கும்.

திருமணப் பதிவு இதைவிட எளிது. 1754-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு க்வேக்கர்கள், யூதர்கள் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் கோவிலில்தான் கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது. மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் அல்லது லைசென்ஸ் வாங்க வேண்டும், சாட்சிகளோடு கையெழுத்தும் போட வேண்டும். சாட்சிகளின் பெயரை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள். பெண்ணின் தம்பி, மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரர் என்று அங்கேதான் உறவுகள் நிற்பார்கள். நீங்கள் தேடும் அப்பாவின் கல்யாணப் பதிவை முதலில் எடுங்கள். அவர் எந்த பாரிஷ்காரர் என்று அதில் எழுதியிருப்பார்கள், ஞானஸ்நானம் தேட வேண்டிய இடம் அதிலிருந்தே தெரிய வரலாம்.

1790-இல் எழுதிய உயில் ஒன்றில் மூத்த மகனுக்கு ஒரு ஷில்லிங் மட்டும். இளையவர்களுக்கும் மனைவிக்கும் நிறைய. அப்பாவுக்கும் மகனுக்கும் அப்படி என்ன பகை? இன்னொன்று, அதே உயிலில் ‘மருமகள்’ என்று ஒரு சின்னப் பெண் வருகிறாள். மகன் யாருக்கும் அப்போது கல்யாணமே ஆகவில்லை.
– வாசகி, சென்னை

பகை இல்லாமலும் இருக்கலாம். அன்று உயில் இல்லாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும், அந்த விதி 1925 வரை நீடித்தது. எனவே மூத்தவனுக்கு நிலம் எப்படியும் வரும், அல்லது அவன் கல்யாணத்தின்போதே பங்கைக் கொடுத்தாயிற்று. மற்றவர்கள் வெறும் கையோடு நிற்கக்கூடாது என்றுதான் அப்பா உயிலே எழுதியிருப்பார். ஒரு ஷில்லிங் எதற்கு என்றால், மகனை மறந்துவிட்டு எழுதினார், அதனால் இந்த உயில் செல்லாது என்று பின்னால் யாரும் வழக்குப் போடக்கூடாது என்பதற்கு. கோபத்தில் எழுதிய ஷில்லிங்கும் உண்டுதான். உங்களுடையது எந்த ஷில்லிங் என்பதை அந்த வீட்டின் நிலப் பத்திரங்கள்தான் சொல்லும்.

மருமகள் விஷயம் எனக்குப் பிடித்த கேள்வி. அந்தக் கால ஆங்கிலத்தில் மருமகளையும், மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்த மகளையும் ‘டாட்டர் இன் லா’ என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். சட்டத்தால் மகள் ஆனவள் என்று பொருள். எனவே அந்த அம்மாள் விதவையாக, கையில் ஒரு குழந்தையோடு இவரைக் கல்யாணம் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. திருமணப் பதிவைப் பாருங்கள், பெண்ணின் பெயர் பக்கத்தில் விதவை என்று இருந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ‘கசின்’ என்ற சொல்லிலும் ஏமாந்துவிடாதீர்கள், பழைய உயில்களில் அண்ணன் பிள்ளையையும் அக்கா பிள்ளையையும்கூட அப்படி எழுதினார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை புருஷன் எல்லாருக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். தமிழில் குறிப்பு எழுதும்போது நம்மை அறியாமல் ‘மாமா’ என்று எழுதிவிட்டால் அவர் அம்மா பக்கம் என்று முடிவாகிவிடுகிறது, ஆவணம் அதைச் சொல்லியிருக்கவே இருக்காது. உறுதியாகும் வரை ஆங்கிலச் சொல்லையே அப்படியே வைத்திருங்கள்.

உயிலை எங்கே தேடுவது என்று இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1858 ஜனவரி 12 முதல் என்றால் ஒரே இடம், அரசின் புரோபேட் (உயில் சரிபார்ப்பு) பட்டியல். வருஷவாரியாக, அகரவரிசையில் இருக்கிறது. அதற்கு முன்பு உயிலைச் சரிபார்த்தது திருச்சபை நீதிமன்றங்கள். ஒரு வட்டாரத்துக்குள் சொத்து இருந்தால் சின்ன நீதிமன்றம், பல மறைமாவட்டங்களில் இருந்தால் கேன்டர்பரி அல்லது யார்க் ஆர்ச்பிஷப்பின் நீதிமன்றம். இங்கிலாந்தில் சொத்தை வைத்துவிட்டுக் கடல் கடந்த நாட்டில் இறந்தவர்களின் உயிலும் கேன்டர்பரி நீதிமன்றத்துக்குத்தான் வந்தது, சென்னையில் இறந்த கம்பெனி வியாபாரிகளும் மாலுமிகளும் உட்பட. 1384 முதல் 1858 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்கள், ப்ராப் 11 என்ற வரிசையில், கியூ காப்பகத்தின் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். கூலிக்காரர் உயில் எழுதியிருப்பாரா என்று முன்கூட்டியே கைவிட வேண்டாம். ஒரு கட்டில், இரண்டு பித்தளைப் பாத்திரம், ஒரு பசு என்று எழுதிய உயில்களும் இருக்கின்றன.

எங்கள் சொந்தக் குடும்பத்தையும் இப்படி இந்திய சென்சஸில் தேட முடியுமா?
– வாசகர், விருதுநகர்

முடியாது. 1948 கணக்கெடுப்புச் சட்டப்படி தனி மனிதர் கொடுத்த விவரத்தை யாரும் பார்வையிட முடியாது, இங்கிலாந்து போல நூறு வருஷம் கழித்துத் திறக்கும் ஏற்பாடும் அதில் இல்லை. அதற்குப் பதிலாகப் பழைய கிரயப் பத்திரங்களை எடுங்கள். ‘இன்னார் பேரரும் இன்னார் குமாரருமான இன்னார்’ என்று ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைக்கும் பத்திரங்கள் உண்டு. நான்கெல்லையில் வரும் பக்கத்து நிலத்துக்காரர்களில் பங்காளிகளும் இருப்பார்கள்.

இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் குடும்ப மரத்தில் எங்கள் முன்னோர் இருக்கிறார். அது ஒரு பிரபுவின் வம்சம் வரை போகிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பெங்களூரு

வேண்டாம். நண்பர் ஒருவருக்காக நான் அப்படித்தான் ஒரு மரத்தை நம்பி எடுத்தேன். பெயர் சரி, ஊர் சரி, ஞானஸ்நான வருஷம் சரி. இரண்டு வருஷம் அந்தக் கிளையிலேயே உழைத்து, ஏழு தலைமுறை எழுதி, அவருடைய வயதான அம்மாவிடம் படித்தும் காட்டினேன். அப்புறம் ஒருநாள் வேறு எதற்கோ அடக்கப் பதிவேட்டைப் புரட்டும்போது, நாங்கள் முன்னோர் என்று நினைத்திருந்தவர் ஐந்து மாதக் குழந்தையாக அடக்கம் செய்யப்பட்டிருந்தார். அந்த அம்மாவிடம் போய் அதைச் சொன்ன நாள் எனக்கு மறக்காது. குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சாதாரணம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் அப்படியே. ஒரே பெயரில் ஊருக்கு மூன்று பேர் இருப்பார்கள். ஞானஸ்நானம் கிடைத்த உடனே அடுத்த பத்து வருஷ அடக்கப் பதிவையும் பார்த்துவிடுங்கள், இந்த ஒரு வேலையை நான் செய்திருந்தால் போதும். மற்றவரின் மரத்தைத் தடயமாக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முடிச்சுக்கும் மூலப் பதிவின் படத்தை நீங்களே கண்ணால் பார்த்த பிறகுதான் அது உங்கள் மரம்.

நாங்கள் ஆங்கிலோ இந்தியர். அப்பா வழியில் 1790 வரை போய்விட்டோம், இங்கிலாந்தில் அவர் பிறந்த கிராமம்கூடத் தெரியும். ஆனால் அவர் சென்னையில் குடும்பம் நடத்திய பெண்ணைப் பற்றி ஒன்றுமே இல்லை. அவர் தமிழ்ப் பெண் என்று மட்டும் பாட்டி சொல்வார். மகனின் ஞானஸ்நானத்தில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர் பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகி, பெரம்பூர்

சகோதரி, வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் பலமுறை படித்தேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் கப்பலில் வந்தவரின் கிராமம் வேண்டும், இங்கேயே இருந்தவளின் பெயரை யாரும் தேடுவதில்லை. நம் அரசியல் சட்டத்தின் 366-ஆவது பிரிவில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்லும் வரையறைகூட ஆண் வழியை மட்டுமே பார்க்கிறது.

ஆவணங்களும் அப்படியே. இங்கிலாந்தில் 1837-லிருந்து திருமணப் பதிவில் இரண்டு பக்கத்து அப்பாக்களின் பெயரும் தொழிலும் உண்டு, அம்மாக்களின் பெயர் சேர்ந்தது 2021 மே 4 முதல்தான். அந்நாளைய சென்னை ஞானஸ்நானப் பதிவுகளிலோ, அம்மா நம் பெண்ணாக இருந்தால் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள், அல்லது ‘சுதேசிப் பெண்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள், அல்லது ஞானஸ்நானத்தில் வைத்த ஒரு ஆங்கிலப் பெயர் இருக்கும், அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்காது.

ஆனாலும் ஒரு கதவு உண்டு, உயில். இந்த ஆண்கள் சர்ச்சில் சொல்லாததை மரணப் படுக்கையில் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஆட்களின் உயில்களில் என் வீட்டைக் கவனித்துக்கொண்டவள், என் பிள்ளைகளின் தாய், என்னோடு வாழ்ந்துவரும் பெண் என்று குறிப்பிட்டு, மாதம் இத்தனை பகோடா (அன்றைய சென்னை நாணயம்), குடியிருக்கும் வீடு, நகை, துணி என்று எழுதியிருப்பார்கள். பணம் கொடுக்க வேண்டும் என்றால் யாருக்கு என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அதனால் பல இடங்களில் பெயர் வந்துவிடுகிறது, ஆங்கிலேயர் காதுக்குக் கேட்ட மாதிரி சிதைந்துபோய்த்தான். இங்கேதான் உங்களுக்கும் எனக்கும் வேலை. லண்டனில் இருக்கிற ஆராய்ச்சியாளர் அந்தச் சிதைந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார். தமிழ் தெரிந்தவர் வாய்விட்டுப் படித்தால் அது முத்தம்மாளா, மீனாட்சியா, பாப்பாத்தியா என்று பிடிபடும்.

சென்னையில் நிரூபிக்கப்பட்ட உயில்களின் நகல்கள் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் எல்/ஏஜி/34/29 என்ற வரிசையில் இருக்கின்றன. கேன்டர்பரி நீதிமன்றத்தின் ப்ராப் 11-ஐயும் பாருங்கள், இரண்டிலும் ஒரே உயில் இருப்பதும் உண்டு. உயிலோடு நிறுத்திவிடாமல் சொத்துப் பட்டியலும் கணக்கும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். உயிலை நிறைவேற்றியவர் யாருக்கு எப்போது எவ்வளவு கொடுத்தார் என்று எழுதும்போது அவள் பெயர் மறுபடி வரலாம். அவருடைய நண்பர்களின் உயில்களையும் விடாதீர்கள். ஒருவர் இறந்தால் அவர் பிள்ளைகளுக்குக் காப்பாளராக நின்றவர்கள் பெரும்பாலும் உடன் வேலை பார்த்தவர்கள், அவர்களும் தங்கள் உயிலில் அந்தத் தாயையும் பிள்ளைகளையும் நினைவு கூர்ந்திருக்கலாம்.

அப்பா படையில் இருந்தவர் என்றால், மகன் எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ராணுவ ஆண் பிள்ளைகள் விடுதியில் வளர்ந்திருக்க வாய்ப்புண்டு. சிப்பாய்களின் பிள்ளைகளை, தாய் உயிரோடு இருந்தபோதும், அங்கே சேர்த்தார்கள். அது தொடர்பான தாள்கள் கண்ணில் பட்டால் பிள்ளையை அழைத்துவந்தவர் யார் என்ற இடத்தைப் பாருங்கள்.

இத்தனையும் தேடிய பிறகும் பெயர் கிடைக்காமல் போகலாம், அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. அப்போதும் மரத்தில் அந்தக் கட்டத்தை அழித்துவிடாதீர்கள், ஊகித்து ஒரு பெயரையும் போட்டுவிடாதீர்கள். ‘தமிழ்ப் பெண், சென்னை, 1790-களில் உயிரோடு இருந்தார், இன்னாரின் தாய், பாட்டி சொன்னது’ என்று எழுதுங்கள். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது இன்று அவ்வளவுதான், அதற்கு மேல் கிடைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று கேட்க வேண்டும். மகனின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் ஏதோ சிறிய எழுத்தில் கிறுக்கல் போல இருக்கிறது, படிக்க முடியவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் வெட்டாமல் பக்கம் முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அதே பாதிரியார் மற்ற வரிகளில் எழுத்துகளை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டால், அந்த ஓரத்தையும் படித்துவிடலாம் என்று நம்புகிறேன்.